நெல் மூட்டை அறையில் எடுத்த பாடம்

பிரகதீஸ்வரியிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. எடுத்த வேலையை அரைகுறையாக விடமாட்டாள். இதைப் போய் யாராவது கெட்ட பழக்கம் என்பார்களா என்று கேட்கலாம். பதினோரு வருடம் பாடம் நடத்திய வேலையை அந்தப் பழக்கம்தான் அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டது. அதற்கு வேறு என்ன பெயர் வைப்பது?

திருக்காட்டுப்பள்ளியிலிருந்து ஒரு மணி நேரம் பஸ்ஸில் போனால் வரும் தனியார் கல்லூரியில் அவள் புள்ளியியல் கௌரவ விரிவுரையாளர். கௌரவமெல்லாம் பெயரில்தான். ஒவ்வொரு ஜூனிலும் கல்லூரியிலிருந்து கூப்பிட்டால்தான் அந்த வருடம் வேலை. கணவன் அரவிந்தன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் இருந்தான். மாமனார் பஞ்சநதத்தோடும் அவருடைய குத்தகை நிலத்தோடும் இவள் இங்கே. ஊரில் யாரும் அவளைப் பஞ்சநதத்தின் மருமகள் என்று சொல்வதில்லை, டீச்சரம்மா என்றுதான் சொல்வார்கள். அந்தப் பெயரை அவள் கழுத்து நகையைவிடப் பத்திரமாக வைத்திருந்தாள்.

கொரோனா வந்து கல்லூரியைப் பூட்டியபோது, பாடங்களை வீடியோவாக எடுத்து அனுப்பச் சொன்னார்கள். கையெழுத்துப் போட ஒரு தாளும் வந்தது. போட்டு அனுப்பினாள். அடுத்த ஜூனில் கூப்பிடுவார்களா என்று காத்திருக்கிறவர்கள் தாளைப் படித்துப் பார்த்தா கையெழுத்துப் போடுகிறார்கள்?

கூடத்தில் எடுத்தால் குரல் எதிரொலித்தது. மாடியில் எடுத்தால் அறுவடை மிஷின் சத்தம். கடைசியில் குறுவை நெல் அடுக்கியிருந்த அறைக்குள் போனாள். மூன்று பக்கமும் கூரை முட்ட மூட்டைகள். வெளிச் சத்தத்தை எல்லாம் சாக்கு விழுங்கிக்கொள்ள, குரல் ரேடியோவில் வருவது மாதிரி கணீரென்று விழுந்தது. நெல் அளக்கும் மரக்காலைக் கவிழ்த்து அதன்மேல் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

அந்த வருடம் கொள்முதல் நிலையத்தில் வரிசை நீண்டு, மூட்டை போட இவர்கள் முறை வராமல் தள்ளிக்கொண்டே போனது. பஞ்சநதம் வானத்தைப் பார்ப்பதும் வாசலைப் பார்ப்பதுமாக இருந்தார்.

"மழைக்கு முன்னாடி மூட்டை போயிடணும்மா. ஈரம் ஏறிச்சுன்னா எவன் எடுப்பான்?"

"போயிடும் மாமா" என்றாள். இன்னும் பத்து நாள் இருந்தால் தேவலை என்று உள்ளுக்குள் நினைத்துக்கொண்டாள். மூட்டை தேங்கியதில் சந்தோஷப்பட்ட ஒரே ஜீவன் அந்த ஊரிலேயே அவள்தான். மூட்டை போனால் இந்தக் குரல் கிடைக்காதே என்ற அவசரத்தில், ஒரு செமஸ்டர் கேட்டவர்களுக்கு இரண்டு செமஸ்டர் பாடத்தையும் எடுத்து முடித்தாள். மொத்தம் அறுபத்திரண்டு வீடியோ. பிள்ளைகள் எங்கெங்கே தடுக்கி விழுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். அந்தச் சந்தேகங்களுக்கும் சேர்த்தே பதில் சொல்லி வைத்தாள். மாதிரி எடுக்கும் பாடத்துக்கு, பின்னால் இருந்த மூட்டையிலேயே, வியாபாரிகள் நெல்லைச் சோதிக்கக் குத்தும் இரும்புக் குழலைக் குத்தி ஒரு பிடி நெல்லை எடுத்துக் காட்டினாள்.

பழக்க தோஷம் ஒன்றுதான் போகவில்லை. ஒவ்வொரு கணக்கு முடிந்ததும், "சந்தேகம்னா கையத் தூக்குங்க, நான் பெஞ்சுக்கே வந்து சொல்றேன்" என்று போனைப் பார்த்துச் சொன்னாள். பிள்ளைகள் வாட்ஸப்பில் சிரித்துத் தீர்த்தார்கள். அவளும் சிரித்தாள்.

கல்லூரி திறந்த வருடம் கூப்பிட்டார்கள். அதற்கடுத்த ஜூனில் கூப்பிடவில்லை. துறைத் தலைவர் ஹாஜா மைதீனைப் போய்ப் பார்த்தாள். நல்ல மனிதர், அவள் முகத்தைப் பார்க்க அவரால் முடியவில்லை.

"உங்க வீடியோவ மேனேஜ்மென்ட்ல எல்லாரும் பாத்தாங்கம்மா. பிரமாதம்னாங்க. ரெண்டு செமஸ்டரும் முழுசா இருக்கு, அதையே கிளாஸ்ல போட்டுக்கலாம்னு முடிவு பண்ணிட்டாங்க."

"அப்ப நான் சார்?"

"வீடியோ எல்லாம் காலேஜுக்கே சொந்தம்னு நீங்க எழுதிக் குடுத்திருக்கீங்க. நானும் பேசிப் பாத்துட்டேன்."

வீடியோ போடவும் வருகைப் பதிவு எடுக்கவும் ஓர் உதவியாளர் வேண்டும், விருப்பமிருந்தால் வரலாம் என்று மேஜையைப் பார்த்தபடியே சொன்னார்.

மூட்டை வழக்கம்போல நாலாம் நாளே போயிருந்தால் பாதிப் பாடம் நின்றிருக்கும். மீதிப் பாதிக்காவது அவளைக் கூப்பிட்டிருப்பார்கள். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வீடு வரும்வரை அழுதாள்.

"வீட்லயே இரேன். நான்தான் அனுப்புறேன்ல" என்றான் அரவிந்தன் போனில். அன்பாகத்தான் சொன்னான். கல்லூரிக்காரர்கள் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால் அடுத்த ஜூனில் மனசு மாறிக் கூப்பிடமாட்டார்களா என்று, மறுநாள் உதவியாளர் வேலைக்குப் பஸ் ஏறினாள்.

கடைசி பெஞ்சுக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்திருந்தார்கள். வீடியோவை நடுவில் நிறுத்தக் கூடாது என்பது உத்தரவு. முழுதாக ஓடியதா என்று கம்ப்யூட்டரே குறித்துக்கொள்ளும். அன்றைக்கு மூட்டைப் பாடம். திரையில் சுவர் அளவு பெரிதாகத் தெரிந்த பிரகதீஸ்வரி குழலைக் குத்தி நெல்லை எடுத்தாள். மூன்றாம் பெஞ்சில் ஆஷிகா என்ற பெண் கையைத் தூக்கினாள். யாரிடம் கேட்பது என்று தெரியாமல் திரையைப் பார்த்தாள், பிறகு பின்னால் திரும்பினாள்.

பிரகதீஸ்வரியின் கால்கள் அவளைக் கேட்காமலே எழுந்து போயின.

"மேடம், மேல குத்தி எடுத்தா மேல இருக்கற நெல்லுதானே வரும்? அடியில ஈரமா இருந்தா?"

பதினோரு வருடத்தில் இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை. அறுபத்திரண்டு வீடியோவில் எதிலும் இதற்குப் பதில் இல்லை, அவளுக்கே தோன்றாத சந்தேகம். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. குனிந்து, "அதுக்குத்தாம்மா ஒரே எடத்துல எடுக்கக் கூடாது..." என்று ஆரம்பித்தாள். ஸ்பீக்கரில் வந்த அவளுடைய கணீர்க் குரல் அதை அமுக்கியது. குரலைக் கொஞ்சம் உயர்த்தினாள்.

முன் பெஞ்சுப் பெண் ஒருத்தி திரும்பிப் பார்த்தாள். மரியாதையாகத்தான் சொன்னாள்.

"மேடம், கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. வீடியோல நீங்க நடத்துறது கேக்க மாட்டேங்குது."

திரையில் ஒரு கணக்கு முடிந்தது. "சந்தேகம்னா கையத் தூக்குங்க, நான் பெஞ்சுக்கே வந்து சொல்றேன்" என்றாள் அங்கிருந்தவள். வகுப்பு சிரித்தது.

பிரகதீஸ்வரி ஸ்டூலுக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்தாள். ஆஷிகா தன் கேள்விக்குக் கீழே நோட்டில் நாலு வரி இடம் விட்டுவிட்டு, அடுத்த கணக்கை எழுத ஆரம்பித்தாள்.