ஐந்து வருஷம் ஓடும் என்றேன்

எங்கள் வண்டியின் அடிச்சட்டம் அரித்துப்போயிருப்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான், இன்னும் ஐந்து வருஷம் ஓடும் என்று சொன்னேன்.

வாய் தவறிச் சொன்னதல்ல. யோசித்துச் சொன்னேன். கூசாமல் சொன்னேன்!

பழவேற்காடு ஏரியில் பூநாரை பார்க்க நீங்கள் சென்னையிலிருந்து வந்தவராக இருந்தால், அந்த வண்டிக்குள்ளேயே படுத்துத் தூங்கியும் இருப்பீர்கள். நீல வண்டி. உள்ளே கட்டில்கள், சின்ன கேஸ் அடுப்பு, பின்கதவைத் திறந்தால் நேரே ஏரி. "வண்டி வாங்கி எத்தனை வருஷம் ஆச்சு தம்பி?" என்று நீங்களே என்னிடம் கேட்டிருக்கலாம். "நல்ல கண்டிஷன் சார்" என்று நான் சிரித்திருப்பேன். அந்தச் சிரிப்புக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் படித்த முதல் ஆள் நான். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் முடித்தேன். அன்று முதல் வீட்டில் என் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. மாத்திரை அட்டையில் என்ன எழுதியிருக்கிறது, மின்சார ஆபீசிலிருந்து வந்த கடிதம் என்ன சொல்கிறது... எல்லாவற்றுக்கும் நான்தான்.

வண்டியும் என் யோசனையே. ஒரு பள்ளிக்கூடம் கழித்துப்போட்ட வேனை வாங்கி, பின்வரிசையை மட்டும் விட்டு மற்ற இருக்கைகளைப் பிடுங்கி, கட்டில் அடித்தோம். ஊர் சிரித்தது. "இன்னாடா, எந்த ஹீரோ வந்து மேக்கப் போடப் போறான் உன் கேரவன்ல?" என்றார்கள். ஆனால் பனிக்காலத்தில் ஆட்கள் வந்தார்கள். பறவை போனதும் அவர்களும் போய்விடுவார்கள். மீதி மாதங்களில் கட்டிலைக் கழற்றிவிட்டு இறால் பெட்டி ஏற்றினோம். பெட்டியிலிருந்து ஐஸ் உருகி, உப்புத் தண்ணீராய்த் தரையெல்லாம் வழியும்.

இரும்பு எத்தனை நாள் தாங்கும்? தரையில் ஓட்டை விழுந்தது.

என் நைனா, அதாவது அப்பா, ஃபைபர் படகுகளுக்கு ஒட்டுப் போடுகிறவர். எங்கள் கரையில் அவர் கை படாத படகு இல்லை. படகில் ஓட்டை என்றால், மேலே ஃபைபர் துணியை விரித்து ரெசின் பசையைக் குழைத்துப் பூசுவார். தண்ணீர் உள்ளே வராது. வண்டிக்கும் அதையே செய்தார்.

நான் ரெசின் டப்பாவைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். படகு ஃபைபர், வண்டியோ இரும்பு... படகுக்கு வெளியே இருக்கும் தண்ணீரைத் தடுக்க வேண்டும், வண்டிக்கோ உப்புத் தண்ணீர் ஏற்கெனவே உள்ளே ஊறிக் கிடக்கிறது. அதன்மேல் மூடி போட்டால், கண்ணில் படாமல் உள்ளுக்குள்ளேயே தின்னும். இதைப் பரீட்சையில் எழுதித் தேறியவன் நான்!

"நைனா, துருவ சுத்தமா சொரண்டிட்டு, புதுத் தகடு வெச்சி..." என்று ஆரம்பித்தேன்.

"இன்னாடா? நான் ஒட்டுன எந்தப் படகாவது முழுகிச்சா? போ, அந்த பிரஷ்ஷ எட்தா."

பிரஷ்ஷை எடுத்து வந்து கொடுத்தேன்.

அது கோழைத்தனம். அதையாவது நீங்கள் மன்னித்துவிடுவீர்கள். குற்றம் அதற்குப் பிறகு வருகிறது.

ஒரு வருஷம் கழித்து, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை கிடைத்தது. கழுத்தில் அடையாள அட்டை, காலில் ஷூ, வாசலுக்கு வந்து ஏற்றிப்போகும் பஸ்... எப்படித் துடித்தேன் தெரியுமா! இந்தச் சேற்றிலிருந்தும், இறால் நாற்றத்திலிருந்தும், சார் சார் என்று கட்டிலுக்கு விரிப்புப் போடுவதிலிருந்தும் ஓடிவிட வேண்டும். ஆனால் வண்டியை யாரிடம் விடுவது? நைனாவுக்கு ஓட்டத் தெரியாது. அக்காவின் புருஷன், என் மாமா, எடுத்துக்கொள்கிறேன் என்றார். அப்போது அவர் ஒரு குடோனில் டிரைவராக இருந்தார். என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"மச்சான், நீ படிச்சவன். இத்த இன்னும் எத்தினி வருஷம் வெச்சிக்கலாம்? சீக்கிரம் மாத்தணும்னா இப்பவே சொல்லிடு. நான் இருக்கிற வேலய உடல."

அதற்கு முந்தின நாள்தான் நான் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்திருந்தேன். பின்வரிசை இருக்கைக்குக் கீழே ஓடும் சட்டத்தில் திருப்புளியை வைத்து அழுத்தினேன். கைப்பிடி வரை இறங்கியது. வெளியே இழுத்ததும் அந்தத் துளையிலிருந்து செந்நிறத் தண்ணீர் என் கன்னத்தில் சொட்டியது.

எழுந்து போய்ச் சொல்லியிருக்க வேண்டும்: இந்த வண்டி முடிந்தது, இனி ஒரு நாளும் ஆளை ஏற்றக் கூடாது. நானோ கறுப்புப் பெயிண்டைக் குழைத்து, அந்த இடத்தின்மேல் இரண்டு முறை பூசினேன்.

"அஞ்சு வருஷம் கண்ண மூடிக்கினு ஓட்லாம் மாமா."

மாமா என் தோளில் கை போட்டுக்கொண்டார். நைனாவுக்குத்தான் அவரைவிட சந்தோஷம். "ஒட்டுனது யாரு! பாத்துக்கோ மாப்ள!" என்று மீசையைத் தடவினார்.

கம்பெனியில் மூன்று வாரம் இருந்தேன். போன் அடித்தால் வண்டி உடைந்த செய்திதான் என்று நினைப்பேன். அக்காவின் பெயர் திரையில் வந்தால் எடுக்கவே கை வராது. மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அக்கா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "எங்களுக்கு ஒத்தாசையா இருக்கணும்னே வேலய உட்டுட்டு வந்துட்டான்" என்று தெரு முழுக்கச் சொன்னாள்.

நான் மறுக்கவில்லை. அந்தப் பாராட்டையும் வாங்கி வைத்துக்கொண்டேன்!

இப்போது இரண்டு வருஷமாகிறது. வண்டி எங்கே போனாலும் நானும் போகிறேன். அதே பின்வரிசையில், அதே சட்டத்துக்கு மேலே உட்காருகிறேன். எதற்கு? உடைந்தால் முதலில் நான் போகட்டும் என்றா? அல்லது நான் கண் வைத்திருக்கும்வரை உடையாது என்றா? எனக்கே தெரியவில்லை.

பள்ளம் வந்தால் என்னையறியாமல் கத்துகிறேன். "மாமா, மெதுவா... மெதுவா!"

"இன்னா மச்சான், பிரசவத்துக்குப் போற மாதிரி கத்துற? வலி எடுத்துடுச்சா?" என்பார். வண்டியில் இருப்பவர்கள் எல்லோரும் சிரிப்பார்கள்.

ஒரே ஒரு முறை வாயைத் திறந்தேன். சுண்ணாம்புக்குளம் கரை. வந்தவர்கள் பறவை பார்க்க இறங்கிப் போயிருந்தார்கள். மாமா டீ ஆற்றிக்கொண்டிருந்தார்.

"மாமா, வண்டிய மாத்திடலாமா?"

"ஏன், புது வண்டி மேல ஆச வந்துச்சா? நீ சொன்னது அஞ்சு. ரெண்டுதான ஆவுது? பாப்பாவ மொதல்ல நல்ல ஸ்கூல்ல சேத்துடுவோம். அப்பால வண்டி. எல்லாம் கணக்கு போட்டு வெச்சிகீறேன் மச்சான்."

என் பொய்யை அடிக்கல்லாக வைத்து அவர் வாழ்க்கையைக் கட்டிக்கொண்டிருக்கிறார்! டீயை வாங்கிக் குடித்தேன். வேறென்ன செய்தேன்? ஒன்றுமில்லை.

சொல்லித் தொலையேன் என்று நீங்கள் அதட்டுவது கேட்கிறது. சொன்னால், மாமா விட்ட வேலை திரும்பி வராது. வண்டியைத் தின்றது தன் ஒட்டுத்தான் என்று தெரிந்தால் நைனா இனி ரெசினைத் தொடமாட்டார். இவையெல்லாம் உண்மையே. ஆனால் இவற்றுக்கெல்லாம் அடியில் இன்னொன்று இருக்கிறது. படிச்சவன் என்ற அந்த ஒரு சொல்... அதை இழக்க என்னால் முடியவில்லை. அதற்காகவா? இத்தனை உயிரைப் பணயம் வைத்து, அதற்காகவா? ஆம். அதற்காகத்தான்.

போன வாரம், கரையிலேயே சுடச்சுட மீன் வறுத்துக் கொடுத்தால் நன்றாயிருக்கும் என்று யாரோ கேட்டார்களாம். இனி அக்காவும் வண்டியில் வருவாள். அக்கா வந்தால் அவள் மகள் பாப்பாவும். இன்னும் நீளமான இருக்கை வேண்டும் என்று மாமா ஒன்று செய்து வாங்கி வந்தார். தரையைத் துளைத்துச் சட்டத்தோடு சேர்த்து போல்ட் போடும் வேலை எனக்கு. மாமா வாங்கி வந்த புது பிட்டை டிரில்லில் மாட்டினேன். ஃபைபரில் கொஞ்சம் முரண்டு பிடித்தது. அதற்குக் கீழே இரும்பு இருக்க வேண்டிய இடத்தில், கை தானாக உள்ளே போனது.

"பாத்தியா மச்சான், புது பிட்டு! வெண்ண மாதிரி எறங்குது" என்று மாமா பூரித்தார்.

"ஆமா மாமா" என்றேன்.

நேற்றுக் காலை முதல் பயணம். அக்கா மீன் வறுக்கப் பெரிய அடுப்பையும் மசாலா டப்பாவையும் ஏற்றிவிட்டு, பாப்பாவைத் தூக்கி என்னிடம் நீட்டினாள். "மாமன் மடில குந்து. அவன் கீறான்னா எனக்கு பயமே இல்ல."

குழந்தை என் சட்டைப் பொத்தானைப் பிடித்தபடி தூங்கிப்போனாள். செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலால் தரையை அழுத்திக்கொண்டே வந்தேன். காலுக்கடியில் ஏதோ முனகியது. அல்லது எனக்கு மட்டும் கேட்டது. வண்டியை நிறுத்துங்க மாமா... மூன்றே சொல். அடுத்த வளைவில் சொல்லலாம் என்று பார்த்தேன். பறவை பார்க்க ரயிலில் வந்தவர்களை ஏற்றிக்கொள்ள வேண்டிய எளாவூர் ஸ்டேஷனும் வந்துவிட்டது.

நான்கு பேர் பெரிய பெரிய பைகளோடு காத்திருந்தார்கள். "சார், ஏறுங்க, ஏறுங்க! தாராளமா எடம் கீது" என்றார் மாமா.

நான் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தேன்.