முனையோடு நின்ற தேர்

ஞாயிறு பூசை முடியும் தறுவாயில் பங்குத்தந்தை ஒலிபெருக்கியில் அறிவித்தார்: நீதிபதி சவரிநாதன் காலமாகிவிட்டார். எங்கள் தெருக்காரர்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். பிறகு வீட்டுக்கு நடந்தார்கள். இரங்கல் கூட்டத்தில் பேச என்னை அழைத்திருந்தார்கள். மறுத்துவிட்டேன். அவரை அறிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

வில்லியனூரை அடுத்த எங்கள் பங்குக் கிராமத்துக்காரர் அவர். புதுச்சேரியில் வழக்காடியபோது நான் அவருடைய ஜூனியர். பிரெஞ்சுச் சட்டம், ஆங்கிலச் சட்டம் இரண்டும் தெரிந்தவர் என்பதால் இந்தியப் பெருங்கடலில் ஒரு சின்னத் தீவுக்கு ஒப்பந்த நீதிபதியாகப் போனார். பிறகு பசிபிக்கில் இரண்டு தீவுகள். கடைசித் தீவில் தலைமை நீதிபதி. விடுமுறைக்கு வரும்போது என்னிடம் சிரிக்கச் சிரிக்கப் பேசுவார். "கோர்ட்டுக்கு எதிர்லயே மீன் கடை, அருளு. காலைல ஒருத்தன உள்ள தள்ளிட்டு, சாயங்காலம் அவன் பொண்டாட்டிகிட்டதான் மீன் வாங்கணும். எடை குறையும். இன்னான்னு கேக்கறது?"

இரண்டாவது தீவில் ஒரு விடுதி முதலாளி, மீனவர்கள் கடலுக்குப் போகும் பாதையை வேலியிட்டு அடைத்தார். முதலாளி அமைச்சரின் தம்பி. வேலியைப் பிடுங்கச் சொல்லித் தீர்ப்பு எழுதினார் சவரிநாதன். "பாதையை அடைக்கிறவன்தான் காரணம் சொல்ல வேண்டும், நடக்கிறவன் சொல்ல வேண்டியதில்லை" என்பது அதில் ஒரு வரி. அவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. அந்த வரியை நான் பல நீதிமன்றங்களில் சொல்லியிருக்கிறேன்.

பங்குத் திருவிழாவில் மாதா தேர் எல்லாத் தெருக்களுக்கும் போகும்; எங்கள் தலித் தெருவுக்குள் மட்டும் வராது. மேல்சாதித் தெருக்காரர்கள் அதை முனையோடு திருப்பிவிடுவார்கள். தேர் உள்ளே வர வேண்டும் என்று எங்கள் தெரு சார்பில் நான்தான் வழக்குப் போட்டிருந்தேன். ஓய்வுபெற்று ஊரோடு வந்துவிட்ட சவரிநாதன் கூப்பிட்டு அனுப்பினார்.

"வாபஸ் வாங்குப்பா. ரெண்டு பக்கமும் என் பேச்சுக்குக் கட்டுப்படட்டும். நான் முடிச்சுத் தரேன்."

"மறுபடி போட அனுமதி கேட்டு வாங்கிடறேன் ஐயா."

"அனுமதி கேட்டா அவங்க நம்ப மாட்டாங்க. சும்மா வாங்கு."

அனுமதி இல்லாமல் வாபஸ் பெற்றால் அதே வழக்கை மீண்டும் தொடுக்க முடியாது. அது எங்கள் இருவருக்கும் தெரியும். தெருவில் ஸ்டெல்லா அக்கா மட்டும், "அவரு அந்தத் தெரு ஆளாச்சேப்பா?" என்றார். அவர் நீதிபதி என்றேன். ஊர்ப் பெரியவர் சொல்லை நீதிமன்றத்துக்கும் மேலாக மதிப்பவர்கள் எங்கள் மக்கள். சம்மதித்தார்கள்; வழக்கை வாபஸ் வாங்கினேன்.

கோயில் மண்டபத்தில் அவர் வாசித்த முடிவு மிகவும் சிறியது. ஊர் அமைதியை முன்னிட்டுத் தேர் வழக்கம்போல் முனைவரை வரும். அத்தெருவார் அங்கே வந்து வணங்கலாம். வெளியே வந்ததும் ஸ்டெல்லா அக்கா சொன்னார்: "கடல் தாண்டிப் போயி வேலியப் புடுங்குனாரு. நம்ம தெருவக் கண்டதும் கை வலிச்சிட்டுதா?"

நான் அவர் வீட்டுக்குப் போய் நேராகக் கேட்டேன். அவர் தடுமாறவில்லை. "அங்க நான் வெளியூர்க்காரன் அருளு. தீர்ப்பு எழுதிட்டு பிளேன் ஏறிடலாம். இங்க எனக்கு வூடு இருக்கு. பொண்ணு கல்யாணம் இருக்கு." அதன் பிறகு அந்த வாசலை நான் மிதிக்கவில்லை.

அவருடைய சவ ஊர்தி எங்கள் தெரு முனையில் சற்று நின்றது. முனைக்கு ஒருவரும் போகவில்லை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒரே ஒரு பழக்கம். தீவுகளில் அவர் எழுதிய தீர்ப்பு ஒவ்வொன்றும் தோற்றவனின் பக்கத்திலிருந்துதான் தொடங்கும். அவனே படித்து, ஆம், இதைத்தான் சொன்னேன் என்று ஒப்புக்கொள்ளும்படி எழுதுவார். ஆகவே அவருடைய பக்கத்தை நானும் அவர் சொற்களிலேயே மேலே எழுதிவிட்டேன். மண்டபத்தில் அவர் வாசித்த முடிவில் எங்கள் பக்கத்துக்கு ஒரு வரிகூட இல்லை.