விரல் வைத்த பக்கமும் அடுத்த பக்கமும்

என் வீட்டுக்காரர் எந்தக் காரியத்தைத் தொடங்கினாலும் முதலில் கண்ணை மூடுவார். மடியில் வேதாகமத்தை வைத்து, ஒரு வரி ஜெபம் பண்ணி, புத்தகத்தை எங்காவது விரித்து, ஆள்காட்டி விரலை ஊன்றுவார். விரலுக்குக் கீழே எந்த வசனம் இருக்கிறதோ அதுதான் ஆண்டவருடைய பதில். அவர்கள் குடும்பத்தில் எல்லோருமே இப்படித்தான். என்னைப் பெண் பார்க்க வருவதற்கு முன்னாலும் விரல் வைத்தாராம். என்ன வசனம் வந்தது என்று இன்று வரை சொல்லவில்லை. கழுதையைப் பற்றி ஏதாவது வந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

கொண்டாப்பூரில் வீடு பார்த்தபோது, அந்நிய தேசத்துக்குச் சிறைப்பட்டுப் போனவர்களிடம் அங்கேயே வீடு கட்டிக் குடியிருங்கள் என்று தீர்க்கதரிசி சொல்லியனுப்பிய இடத்தில் விரல் விழுந்தது. மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை. திருநெல்வேலியிலிருந்து வேலைக்காக ஹைதராபாத் வந்தவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான வசனம் வேறு உண்டா? ஆனால் கார் வாங்கப் போனபோது ரதங்களையும் குதிரைகளையும் நம்புகிறவர்களைப் பற்றிய சங்கீதம் வந்துவிட்டது. போச்சு. வேறு நல்ல வசனம் விழுந்து கார் வாங்குகிற வரைக்கும், ஒரு வருஷத்துக்கு மேல் செகந்திராபாத் தமிழ் ஆராதனைக்கு மெட்ரோவில்தான் போனோம். அமீர்பேட்டில் ஏறுகிற கூட்டத்தில் என் சேலை மடிப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமைகூடத் தப்பியதில்லை.

"விரலுக்கு வேதம் தெரியுமா?" என்று கேட்பேன்.

"ஆண்டவருக்கு விரலைத் தெரியும்ளா" என்பார்.

நானும் வேதத்துக்குப் பயந்தவள்தான். காலையில் அதை வாசிக்காமல் காபி குடிக்க மாட்டேன். ஆனால் நான் ஆதியாகமத்தில் தொடங்கி வரிசையாக வாசிக்கிற கட்சி. இன்னார் இன்னாரைப் பெற்றான் என்று பெயராக வந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு வாசித்துவிடுவேன். ஊரிலிருந்து வருகிற கடிதத்தில் நடுவிலே ஒரு வரியை மட்டும் வாசித்துவிட்டு யாராவது மடித்து வைப்பார்களா? அவரிடம் இதைச் சொன்னால் சிரிப்பார். எங்கள் சண்டை அவ்வளவில் நின்றுகொண்டிருந்தது. பித்தப்பையில் கல் வரும் வரைக்கும்.

ஒரு கல்யாண வீட்டில் பிரியாணி சாப்பிட்டு வந்த மறுநாள் அவருக்கு வலது விலாவுக்குக் கீழே வலி வந்தது. வாயுக்கோளாறு என்று ஓமத் தண்ணீர் குடித்தார். கேட்கவில்லை. ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் பித்தப்பை நிறையக் கல். அறுவை சிகிச்சை டாக்டரம்மா தெலுங்குக்காரர், பொறுமையாகப் படம் வரைந்து காட்டினார். பையை எடுத்துவிட்டால் தீர்ந்தது, சின்ன ஆபரேஷன்தான், ஆனால் கல் நழுவிக் குழாயில் அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து, தள்ளிப் போடாதீர்கள் என்றார். இவரும் தலையாட்டிவிட்டு வந்தார். தேதியும் குறித்தாயிற்று.

குறித்த தேதிக்கு முந்தின நாள், ஆபீசில் வேலை கூடிப்போய்விட்டது என்று தள்ளி வைத்தார். அடுத்த தேதிக்கு, மகளுக்குப் பரீட்சை என்றார். மகள் இஞ்சினியரிங் கல்லூரியில் படிக்கிறாள். அவள் பரீட்சைக்கும் இவர் பித்தப்பைக்கும் என்ன சம்பந்தம்? "டாடி, நா எக்ஸாம் நேனு ராஸ்தானு" என்றாள் அவள், என் பரீட்சையை நான் எழுதிக்கொள்கிறேன் என்று தெலுங்கிலேயே. அவளோடு தமிழில் பேசினாலும் பதில் தெலுங்கில்தான் வரும். இவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அதோடு ஆள் ஒரு மாதிரி ஆகிவிட்டார். இன்வெர்ட்டர் பேட்டரியில் தண்ணீர் ஊற்ற என்னைத் தொடவே விட மாட்டார். இப்போது என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து, இந்த மூடியைத் திற, இந்தக் கோடு வரைக்கும் ஊற்று என்று பாடம் எடுத்தார். கேஸ் பதிவு பண்ணுவது எப்படி, தண்ணீர் ஃபில்டரை யாரிடம் சொல்லி மாற்றுவது, காருக்கு எங்கே காற்று அடிப்பது, எல்லாம் சொல்லித் தந்தார். எனக்கு முதலில் சந்தோஷம். இருபது வருஷத்தில் இப்போதாவது புத்தி வந்ததே! பிறகு ஒரு நாள் மாலை ஊரில் இருக்கிற அண்ணனுக்கு போன் போட்டார். வேலிச் சண்டையில் பேச்சு வார்த்தை நின்று போன அண்ணன். "எம்மேல தப்பிருந்தா மன்னிச்சுக்கோ அண்ணே" என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது. வேலியை நகட்டியது அண்ணன்தான். இவர் எதற்கு மன்னிப்புக் கேட்கிறார்?

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. குடும்ப ஜெபத்தில் வேதம் வாசிக்கிறதை ஒரு நாளும் யாருக்கும் விட்டுக்கொடுக்காத மனிதர், சில வாரமாக, "நீ பாட்டு மட்டும் பாடு, எனக்குக் கண்ணு வலிக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய வேதாகமம் ஜிப்புப் போட்ட உறைக்குள் அலமாரியின் மேல்தட்டிலேயே கிடந்தது. அதைப் பார்க்கவும் பயந்தவர் மாதிரி அந்தப் பக்கம் திரும்பாமல் நடந்தார்.

இரண்டாவது தடவை வலி வந்தபோது கண்ணில் மஞ்சள் தெரிந்தது. அவசரப் பிரிவுக்குக் கொண்டு ஓடினோம். ஊசி போட்டு வலியை அடக்கினார்கள். கல் குழாய்க்குள் எட்டிப் பார்த்துவிட்டு எப்படியோ நகர்ந்திருக்கிறது, இனித் தாமதித்தால் நான் பொறுப்பில்லை, இன்றே அட்மிட் ஆகுங்கள் என்றார் டாக்டரம்மா. இவர், "வேண்டாம், வீட்டுக்குப் போவோம்" என்று ஒற்றைக் காலில் நின்றார். சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டதுதான் மிச்சம். வீட்டுக்கு வந்து சோபாவில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த மருந்துப் பையைத் தரையில் எறிந்தேன்.

"இங்க பாருங்க, எங்கள நடுத்தெருவில விட்டுட்டுப் போகணும்னு ஏதும் நேர்ச்சையா? வாயைத் திறந்து சொல்லுங்க!"

சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நான் அந்த மேசையில ஏறினா இறங்க மாட்டேன்ளா. வேதத்துல வந்திட்டு."

முதலில் குறித்த ஆபரேஷன் தேதிக்கு முந்தின நாள் காலையில் விரல் வைத்திருக்கிறார். ராஜாக்களின் புத்தகத்தில் விழுந்திருக்கிறது. வியாதியாய்க் கிடக்கிற ஒரு ராஜாவிடம் தீர்க்கதரிசி வந்து, வீட்டுக் காரியங்களை ஒழுங்கு பண்ணிக்கொள்ளும், நீர் பிழைக்க மாட்டீர் என்று சொல்கிற இடம். அதுதான் இன்வெர்ட்டரும் கேஸும் அண்ணனும்! வீட்டுக் காரியத்தை ஒழுங்கு பண்ணியிருக்கிறார் மனிதர். இத்தனை நாளும் சாவை ஒற்றை ஆளாக மனசுக்குள் சுமந்துகொண்டு, எனக்குப் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றக் கற்றுக்கொடுத்திருக்கிறார். எனக்கு அழுகையும் வந்தது, அவர் முதுகில் ஒன்று வைக்கலாம் போலவும் இருந்தது.

அப்புறம்தான் அந்த ராஜா யாரென்று எனக்கு ஞாபகம் வந்தது.

"யாரு, அந்த ராஜாவா? அவரு சாகலையே!"

மெல்லத் திரும்பிப் பார்த்தார். நான் நாற்காலி போட்டு ஏறி அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்து, உறையைப் பிரித்து, அவர் முன்னால் நீட்டினேன். தொட மறுத்தார். நானே தேடி எடுத்தேன். அந்த வசனம் வலது பக்கத்தில், கடைசிப் பத்தியில், அடிவரியில் இருந்தது. அதற்குக் கீழே வெறும் ஓரம்தான்.

"இதுக்கப்புறம் பக்கத்தைத் திருப்புனியளா?"

"இல்ல. மூடிட்டேன்."

"அட, கூறுகெட்ட மனுசா!"

கட்டின புருஷனை அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. பக்கத்தைத் திருப்பிச் சத்தமாக வாசித்தேன். ராஜா தன் முகத்தைச் சுவர்ப்புறமாகத் திருப்பி ஜெபம் பண்ணுகிறார். ஓவென்று அழுகிறார். சாவைச் சொல்லிவிட்டுப் போன தீர்க்கதரிசி இன்னும் அரண்மனை முற்றத்தைக்கூடத் தாண்டவில்லை, அதற்குள் திரும்பிப் போகச் சொல்லி ஆண்டவருடைய வார்த்தை வந்துவிடுகிறது. உன் ஜெபத்தைக் கேட்டேன், உன் கண்ணீரைப் பார்த்தேன், உனக்கு இன்னும் பதினைந்து வருஷம் தருகிறேன் என்று. அதோடு விடவில்லை. அத்திப்பழ அடையைக் கொண்டுவந்து ராஜாவின் உடம்பிலிருந்த கட்டியின் மேல் பற்றுப் போடச் சொல்கிறார் தீர்க்கதரிசி. போடுகிறார்கள். ராஜா பிழைத்துக்கொள்கிறார்.

வாசித்து நிமிர்ந்தால், இவர் எழுந்து உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் கண்ணீர். அப்பா செத்தபோதுகூட அப்படி அழுதவரில்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். மகள் அறையிலிருந்து ஓடிவந்து, "ஏமைந்தி? ஏமைந்தி?" என்று என்ன ஆயிற்று தெரியாமல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

மூக்கைத் துடைத்துக்கொண்டு அவர் முதலில் கேட்ட கேள்வி என்ன தெரியுமா? "அப்ப எனக்கும் பதினஞ்சு வருசம் உண்டு, என்ன?"

"பாத்தியளா, மறுபடியும் விரல வைக்கியளே! அந்தப் பதினஞ்சு வருசம் அந்த ராஜாவுக்கு. சாகப் போறேன்னு சொன்னதும் அவருக்குத்தான்."

"அப்ப நமக்கு என்னதான்ளா இருக்கு?"

யோசித்துத்தான் சொன்னேன். "அழுதா கேக்குற ஆண்டவர் இருக்காரு. அவரே மருந்தும் போடச் சொல்லுதாரு. ரெண்டும் ஒரே பக்கத்துல இருக்கு. எழும்புங்க."

காரை நானே ஓட்டினேன். காற்று அடித்துவைத்திருந்தேன்.

மறுநாள் காலை அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு மூடியதும், உள்ளதைச் சொல்கிறேன், என் கண்ணும் மூடிக்கொண்டது. மடியில் அவருடைய வேதாகமம். நடுவில் விரித்து ஒரே ஒரு தடவை விரலை வைத்துப் பார்த்துவிடலாமா என்று மனசு அடித்துக்கொண்டது. அவ்வளவு வாய் பேசினவள்தான். நமக்கென்று வரும்போதுதான் தெரிகிறது. ஒரு வார்த்தை, இப்போதே, எனக்கு மட்டும் வேண்டும் என்று இருந்தது. கை எழுந்தேவிட்டது.

"அம்மா, நுவ்வு கூடா?" என்றாள் மகள். நீயுமா என்று.

கையை இறக்கினேன். முந்தின நாள் நிறுத்தின இடத்தை எடுத்து, அதிலிருந்து வரிசையாக வாசித்தேன். பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு வரிக்கு அடுத்து இன்னொரு வரி இருந்தது, அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்படி வாசித்துப்போனதில், நான் அடியோடு மறந்துபோயிருந்த ஒரு சங்கதியும் கண்ணில் பட்டது. ஆஸ்பத்திரி என்றும் பாராமல் சிரித்துவிட்டேன்.

டாக்டரம்மா முகக்கவசத்தைக் கழுத்துக்கு இறக்கிக்கொண்டு வெளியே வந்தார். சிரித்த முகம். எல்லாம் நல்லபடியாக முடிந்தது, நல்லவேளை இன்று வந்தீர்கள், பை சீழ் வைக்கத் தொடங்கியிருந்தது என்றார். ஆண்டவரே என்பதற்கு மேல் ஜெபம் வரவில்லை. அப்பாடா என்று சுவரில் சாய்ந்து நின்றேன். நர்ஸ் ஒரு சின்ன பாட்டிலை மகள் கையில் கொடுத்தார். உள்ளே பச்சையும் பழுப்புமாக அவருடைய கற்கள்.

அந்தப் பாட்டில்தான் அதற்குப் பிறகு வந்த வினை. நம் ஐயா வீடு வந்து சேர்ந்ததும் அதை வரவேற்பறை மேசையில் வைத்துக்கொண்டார். பார்க்க வருகிறவர்கள் எல்லோருக்கும் குலுக்கிக் காட்டுவார். ஸ்கேன் படம், வயிற்றில் போட்ட ஓட்டைகள், எல்லாம் வரிசையாகக் காட்சிக்கு வரும். லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து சபையைச் சேர்ந்த ஒரு அம்மாள் வந்திருந்தார். பல தலைமுறையாக இங்கேயே இருக்கிற குடும்பம். கையில் வடையோடு உட்கார்ந்தவர் முன்னால் பாட்டிலை நீட்டினார் இவர்.

"நக்கோ பிரதர், நக்கோ! கைக்கு இதெல்லாம் காட்டுறீங்க? சாப்பிட விடுங்க!" என்று அலறினார் அந்த அம்மாள். நக்கோ என்றால் வேண்டாம், கைக்கு என்றால் எதற்கு, இந்த ஊர் உருது.

அந்த அம்மாள் போன பிறகு நான் வேதாகமத்தை எடுத்தேன். "அந்த ராஜா கதை அதோட முடியல, தெரியுமா?" என்று கேட்டு, ஆஸ்பத்திரியில் என்னைச் சிரிக்க வைத்த இடத்தை வாசித்தேன். ராஜா சுகமான செய்தி கேட்டு தூரதேசத்திலிருந்து ஆட்கள் பார்க்க வருகிறார்கள். ராஜாவுக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டில் இருக்கிறதை ஒன்றுவிடாமல் திறந்து காட்டுகிறார். தீர்க்கதரிசி வந்து என்னத்தைக் காட்டினீர் என்று கேட்கிறார். எல்லாவற்றையும்தான் என்கிறார் ராஜா. அப்படியானால் காட்டினதெல்லாம் ஒரு நாள் வாரிக்கொண்டு போகப்படும் என்று சொல்லிவிடுகிறார் தீர்க்கதரிசி.

"நாளைக்குக் காலைல குப்பை வண்டி வரும்" என்றேன், பாட்டிலைப் பார்த்து.

அவர் விடவில்லை. "அது ராஜாவுக்குச் சொன்னதுன்னு நீதானளா சொன்ன? இப்ப விரல வைக்கது யாரு?"

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் தோற்றுப்போனேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் மறுநாள் காலையில் பாட்டிலை மேசையில் காணவில்லை. நானாகத் தொடவில்லை. அவர்தான் எடுத்துக்கொண்டு கீழே போயிருந்தார்.

இப்போது குடும்ப ஜெபத்தில் பழையபடி அவர்தான் வாசிக்கிறார். நடுவில் எங்கும் திறப்பதில்லை, ஆதியாகமத்திலிருந்து வரிசையாக. ஆபிரகாம் மோரியா மலையில் மகனைக் கட்டிப் பலிபீடத்தின் மேல் கிடத்திக் கத்தியை எடுத்த இடம், நேற்று, சரியாகப் பக்கத்தின் அடிவரியில் வந்து நின்றது. வாசிப்பை நிறுத்தி என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு ஆள்காட்டி விரலை நாக்கில் தொட்டு, பக்கத்தைத் திருப்பினார்.