தலையில் வாளி மாட்டிய மாடு

அந்த விளையாட்டில் ஒரு மாடு வரும். அதன் தலையில் ஒரு வாளி சிக்கியிருக்கும். மாட்டுக்குக் கண் தெரியாது. நாங்கள்தான் விரலால் இழுத்து அதை ஓட்ட வேண்டும். எங்கே போகவேண்டும் என்று ஒன்றும் இல்லை. எவ்வளவு பொருட்களை இடித்து விழுத்துகிறோமோ அவ்வளவு புள்ளி. சந்தையில் தக்காளிக் கூடைகள், சலூன் கண்ணாடி, கலியாண மண்டபத்துக் கதிரைகள், மூன்றடுக்குக் கேக். துரத்திக்கொண்டு வரும் பொலிஸ்காரர் கேக்குக்குள் முகங்குப்புற விழுவார். பிறகு எழும்பிக் காற்சட்டையைத் தட்டிவிட்டுத் திரும்பவும் ஓடுவார். எல்லாம் உடைந்து முடிந்ததும் ஒருதரம் தொட்டால் போதும், தக்காளிகள் ஒவ்வொன்றாக உருண்டு வந்து கூடைக்குள் ஏறும்.

இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. நான் பட்டப்படிப்பு முடித்தவள். எங்கள் ஊர் முன்பள்ளியில் படிப்பிக்கிறேன். ஒவ்வொரு மாதமும் பெற்றார் கூட்டத்தில் எழுந்து நின்று, "பிள்ளையளின்ர கையில போனைக் குடுக்காதேங்கோ" என்று சொல்கிறவள்.

மகனுக்கு அப்போது இரண்டரை வயது. அவனுடைய கிளினிக் அட்டையில் நிறைக்கோடு இரண்டு மாதமாக ஏறாமல் நின்றது. மிட்வைஃப் மிஸ் பயப்பட ஒன்றும் இல்லை என்றா. நான் பயந்தேன். எத்தனை கரண்டி சாப்பிட்டான், எத்தனை கரண்டி துப்பினான் என்று மனதுக்குள் கணக்கு வைத்திருந்தேன். கொதித்த தண்ணீர் உண்மையிலேயே கொதித்ததா என்று திரும்பவும் அடுப்பில் வைப்பேன். காலை எழும்பினதில் இருந்து எதுவும் கொட்டக்கூடாது, உடையக்கூடாது, ஒருவரும் ஒரு குறையும் சொல்லக்கூடாது என்றே நாள் போகும். பிள்ளைக்குப் பாட்டுப் போட்டபோது இடையில் வந்த விளம்பரத்தை மூடப்போய், அந்த மாடு என் போனுக்குள் வந்துவிட்டது. முதல் நாள் அது கேக்கை இடித்தபோது நான் சத்தமாகச் சிரித்தேன். மகன் என் முகத்தை ஆச்சரியமாகப் பார்த்தான். அம்மா அப்படிச் சிரித்து அவன் பார்த்திருக்கமாட்டான்.

பிறகு ஒவ்வொரு பின்னேரமும் ஆறு மணிக்கு, என் கணவருடைய பஸ் வருவதற்கு முன், மகனை மடியில் வைத்துக்கொண்டு விளையாடினேன். பிள்ளைக்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவன் இறங்கி ஓடின பிறகும் விளையாடினேன்.

எங்கள் பக்கம் யானைத் தொல்லை. யானை காட்டை விட்டு வெளியே வந்தால், கண்டவர் ஊர் வட்ஸ்அப் குழுவில் போடுவார். அந்தப் போன் இல்லாத வீடுகளுக்கு யார் கோல் எடுத்துச் சொல்வது என்று பொதுநோக்கு மண்டபத்தில் கூடிப் பேசி ஒரு பட்டியல் எழுதியிருந்தோம். எனக்குத் தந்தது ஒரே ஒரு வீடு. எங்கள் ஒழுங்கையின் முடிவில், காட்டோரமாக, நான் அக்கா என்று கூப்பிடுகிறவவின் வீடு. அவர்கள் மலையகத்தில் இருந்து வந்து குடியேறிய குடும்பம். மகளைக் கட்டிக் கொடுத்துவிட்டு அக்காவும் அவவின் புருசன் அண்ணையும் மட்டும் இருந்தார்கள். அவர்களிடம் பட்டன் போன் ஒன்றுதான். முன்கூட்டித் தெரிந்தால் வாசலில் நெருப்பு மூட்டி, வெடி கொளுத்தி, யானையை வேறு பக்கம் திருப்பிவிடுவார்கள். வீட்டைச் சுற்றி அவர்கள் வைத்த வாழைகள் அப்போதுதான் பொத்தி தள்ளத் தொடங்கியிருந்தன.

அன்று ஆறு பத்துக்கு மெசேச் வந்தது. மாடு கலியாண மண்டப வாசலில் நின்றது. மேலே இருந்து மெசேச் இறங்கிவந்து கேக்கை மறைத்தது. நான் விரலால் தள்ளிவிட்டேன். அந்தக் குழுவில் வருவது பாதிக்கு மேல் பூப்படம் போட்ட காலை வணக்கம்தான், நான் அப்படி நினைத்துத் தள்ளியிருக்கலாம் என்று பிறகு பல நாட்கள் எனக்குச் சொல்லிப் பார்த்தேன். இல்லை. 'ஆனை' என்ற சொல்லை நான் கண்டேன். இந்த ஒருக்கா முடியட்டும், பிறகு அக்காவுக்குக் கோல் அடிப்பம் என்று நினைத்ததும் நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு நினைக்கவில்லை.

ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னர் அவர் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே கேட்டார். "ஆனையாம் எண்டு பஸ்ஸுக்குள்ள கதைக்கினம். அங்கால வீட்டுக்குச் சொன்னனீரே?"

உடனே அடித்தேன். போன் நிறுத்தப்பட்டிருப்பதாகக் குரல் வந்தது. ஒழுங்கை முடிவில் தகரம் அடிக்கும் சத்தமும் அண்ணை கத்தும் சத்தமும் அதற்குள்ளேயே கேட்கத் தொடங்கிவிட்டன.

காலையில் போய்ப் பார்த்தேன். வாழைகள் வரிசையாக மிதிபட்டுக் கிடந்தன. யானை தண்டைப் பிளந்து நடுவை மட்டும் உரித்துத் தின்றிருந்தது. பொத்திகள் சேற்றில் புதைந்திருந்தன. அக்கா என்னைக் கண்டதும் கையைப் பிடித்தா.

"டீச்சர், நீங்க அடிச்சிருப்பீங்க. இந்தப் பாழாப்போன போன் செத்துக் கெடந்திருக்கு. ஆறரைக்கு மக பேசினா, பேசி வச்சேன், அதோட ஆஃப். நான் கவனிக்கவே இல்ல."

"ஓம் அக்கா. அடிச்சனான். ஓஃப் எண்டுதான் வந்தது."

அந்த வார்த்தைகளில் ஒன்றுகூடப் பொய் இல்லை. அதை நினைத்தால்தான் இப்போதும் என்மேல் எனக்கு அருவருப்பு வருகிறது. ஆறு பத்துக்கு அந்தப் போன் உயிரோடு இருந்தது என்பதை அவவே சொல்லிவிட்டா. எனக்கு மட்டும்தான் அந்தக் கணக்கு விளங்கியது.

அண்ணை வேலிப் பக்கமிருந்து கத்தினார். "வீட்டுல இருக்கறது ஒரே ஒரு போன். அதுக்குச் சார்ச் போடத் துப்பில்ல. சோறு திங்க மட்டும் மறக்க மாட்டே!"

எனக்கு விழவேண்டிய ஏச்சை அக்கா குனிந்து வாங்கிக்கொண்டு நின்றா. நான் பாடசாலைக்கு நேரமாகிறது என்று சொல்லி வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் கூட்டம். எங்கே பிழை நடந்தது என்று ஊர்ச் சங்கத் தலைவர் விசாரித்தார். "அந்த வீட்டுக்குச் சொல்லுறது ஆர்?"

"டீச்சர்தான்," என்றார் பின்னால் இருந்த ஒருவர். "அவா பிள்ளையளுக்கு ஆனைப் பாட்டுப் படிப்பிச்சுக்கொண்டு இருந்திருப்பா."

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினா.

"டீச்சரச் சொல்லாதீங்க. அவங்க அடிச்சாங்க. எங்க போன்தான் ஆஃப். தப்பு என்மேல."

இத்தனை பேருக்கு முன் அவ எழுந்து பேசி நான் அதற்கு முன் கண்டதில்லை. நான் மடியில் இருந்த மகனின் சட்டைப் பொத்தானைப் பூட்டினேன். அது ஏற்கெனவே பூட்டித்தான் இருந்தது.

அடுத்த நாள் பின்னேரம் மகனை இடுப்பில் தூக்கிக்கொண்டு போனேன். இருவரும் புது வாழைக்குட்டி வைக்கக் குழி வெட்டிக்கொண்டிருந்தார்கள். தொடங்காவிட்டால் திரும்பிவிடுவேன் என்று தெரிந்ததால் நின்றபடியே சொன்னேன்.

"அக்கா, மெசேச் ஆறு பத்துக்கு வந்தது. அப்ப உங்கட போன் வேலை செய்தது. நான் அப்ப அடிக்கேல்ல. ஏழு மணி ஆகேக்கதான் அடிச்சனான்."

அக்கா என் மகனைப் பார்த்தா. "தம்பிக்கு ஒடம்புக்கு ஏலாமப் போச்சா டீச்சர்?"

எனக்குத் தப்ப ஒரு வழியை அவவே திறந்து தந்தா. 'ஓம்' என்று சொல்ல வாய் வந்துவிட்டது.

"இல்லை. போன்ல விளையாடிக்கொண்டு இருந்தம்."

"யாரு, தம்பியா?"

"நான்."

அண்ணை மண்வெட்டியை நிறுத்தினார். "என்னா வெளையாட்டு?"

"ஒரு மாடு. தலையில வாளி மாட்டின மாடு. எல்லாத்தையும் இடிச்சுக்கொண்டு போகும்."

"மாடு டமார்!" என்றான் மகன். பழகின சொல் கேட்ட சந்தோசத்தில் இரண்டு கையாலும் என் தோளில் அடித்தான். நான் அவன் கைகளைப் பிடித்தேன்.

"இடிச்சிக்கிட்டுப் போயி?" என்று கேட்டார் அண்ணை. அவர் நக்கலாகக் கேட்கவில்லை. விளங்கிக்கொள்ளத்தான் கேட்டார்.

"பிறகு தொட்டா, எல்லாம் திரும்ப எழும்பும்."

அவர் வெட்டிக்கொண்டிருந்த குழியைப் பார்த்தார். "ம்," என்று சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்தார். அன்றைக்கு அவர் அக்காவிடம் மன்னிப்பு ஏதும் கேட்டதாக எனக்குத் தெரியாது. அதைப் பற்றி விசாரிக்கும் தகுதியும் எனக்கில்லை.

அக்கா தேத்தண்ணி போட்டுத் தந்தா. வேண்டாம் என்று சொல்லத் துணிவில்லாமல் குடித்தேன். அவ நாளைக்கு மழை வருமா என்பதைப் பற்றிக் கதைத்தா.

அந்தக் கிழமையே பட்டியல் மாறியது. அவர்கள் வீட்டுக்கு இனிச் சந்திக் கடைக்காரர் சொல்வார். ஏன் என்று தலைவர் சொல்லவில்லை. அவர்கள் அவரிடம் காரணம் சொல்லியிருக்கவும் மாட்டார்கள். கடையிலும் முன்பள்ளி வாசலிலும், யாராவது வாளி மாட்டைப் பற்றிக் கேட்டுச் சிரிப்பார்கள் என்று நான் பல நாள் எதிர்பார்த்தேன். ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொஞ்சம் இலேசாக இருந்திருக்குமோ என்று தோன்றும். அப்படி நினைப்பதும் சுயநலம்தான்.

அக்காவிடம் சொன்ன அன்றைக்கே விளையாட்டை அழித்துவிட்டேன். மகன் இரண்டு நாள் அழுதான். மூன்று கிழமை கழித்துத் திரும்பவும் ஏற்றினேன். அவன் அதற்குள் மறந்துவிட்டிருந்தான். நான்தான் மறக்கவில்லை. பொலிஸ்காரர் காற்சட்டையைத் தட்டும்போது எனக்கு இன்னமும் சிரிப்பு வருகிறது. வெளிச்சம் இருக்கும் வரை மட்டும் விளையாடுவது, மெசேச் வந்தால் உடனே பார்ப்பது என்று எனக்கு நானே விதி போட்டிருக்கிறேன். பிள்ளைகளுக்கு விதி சொல்கிறவளின் விதி.

போன கிழமை திரும்பவும் யானை குளக்கட்டால் இறங்கியதாக மெசேச் வந்தது. சொல்லும் பொறுப்பு என்னுடையது இல்லை என்று தெரிந்தும் அக்காவுக்கு அடித்தேன். லைன் பிஸி என்று வந்தது. விடாமல் அடித்தேன். நாலாம் தரம் மணி போனது.

"சொல்லிட்டாங்க டீச்சர்," என்றா அக்கா. பின்னால் அண்ணை விறகு முறிக்கும் சத்தம் கேட்டது.

"சரி அக்கா," என்றேன். அதற்குள் அவ வைத்துவிட்டா.