பெயரோடு பாடிய பாட்டு

அன்று மாலை அடையாறு மொட்டைமாடித் தோட்டத்தில் இருந்தவர்கள்: பாட நான், கித்தார் வாசிக்க மயிலாப்பூர் நண்பன், தஃப் தட்ட ராயப்பேட்டை நண்பன், தியான நிகழ்ச்சியை நடத்திய ஆசிரியர், பாய் விரித்து உட்கார்ந்த நாற்பது பேர், கடைசி வரிசையில் என் அத்தை மகள். இல்லாதவள் அத்தை. பாட்டே அவளைப் பற்றியதுதான். அவள் இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

கோட்டூர்புரம் ஆற்றோரத்தில் எங்கள் வீடும் அத்தை வீடும் ஒட்டியே இருந்தன. அரசாங்கம் அவற்றை இடித்து எங்களை ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு அனுப்பிய பிறகும், அத்தை விடியற்காலை முதல் பஸ்ஸில் வந்து பாலத்தருகே இட்லி விற்றாள். அந்த இட்லிதான் என்னைக் கல்லூரிவரை படிக்க வைத்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான்.

எங்கள் பக்கம் சாவு வீட்டில் கானா பாடுவார்கள். முதல் வரியிலேயே இறந்தவர் பெயர் வந்துவிட வேண்டும். வராவிட்டால் கூட்டத்திலிருந்து யாராவது, "யாருக்குப் பாடிக்கினு கீற நைனா?" என்று கேட்டுப் பாட்டை நிறுத்திவிடுவார்கள்.

அது தெரிந்தும் பாட்டிலிருந்து பெயரை எடுத்தவன் நான்தான். நூலகத்தில் மேல்நாட்டுக் கட்டுரைகள் சில படித்திருந்தேன். எல்லா உயிருக்குள்ளும் இருப்பது ஒரே ஆன்மா, ஆறும் மரமும் மனிதனும் அதில் அடக்கம், அதை அறிய நடுவில் எவரும் தேவையில்லை என்று எழுதியிருந்தார்கள். படித்தபோது எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அத்தையும் அப்படி எங்கும் இருக்கட்டும் என்று, அவள் பெயர் இருந்த இடத்தில் 'நீ' என்று போட்டேன்.

நிகழ்ச்சியை நடத்திய தியான ஆசிரியருக்கு அது மிகவும் பிடித்தது. "இப்பதான் தம்பி இது எல்லாருக்குமான பாட்டு. ஆத்மாவுக்குப் பேர் ஏது?" என்றார். மூவருக்கும் சேர்த்து ஒன்பதாயிரம் தருவதாக ஒத்துக்கொண்டார்.

ஒலிபெருக்கியைச் சரிபார்க்கும்போது அத்தை மகள் வந்தாள். என்னைவிட இரண்டு வயது மூத்தவள். தி.நகர் ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டே புடவை எடுத்துக் காட்டுகிற வேலை. அன்று லீவு போட்டிருந்தாள். நான் முதல் இரண்டு வரியைப் பாடினேன்.

"நீ எங்கயும் போவல,
பாலத்துக் காத்துல நிக்கிற..."

"இன்னாடா, சாமிப் பாட்டு பாடிக்கினு கீற?"

"உங்கம்மா பாட்டுதான்."

"எங்கம்மா பேரு எங்க கீது?"

எல்லோருக்குள்ளும் இருக்கும் ஒரே ஆன்மாவைப் பற்றிச் சொன்னேன். முழுசாகக் கேட்டுக்கொண்டாள்.

"அப்போ வூட்ட இடிச்சவனுக்குள்ள கீறதும் எங்கம்மாதானா?"

பக்கத்தில் நின்ற ஆசிரியர், "ஆத்மாவுக்குப் பேர் கிடையாதும்மா" என்று பொறுமையாகச் சொன்னார்.

"அப்போ சாமிக்கு மட்டும் எதுக்கு சார் ஆயிரத்தெட்டு பேரு?"

ராயப்பேட்டைக்காரன் தஃப்பால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தான். ஆசிரியர் சிரிக்கவில்லை. என்னைத் தனியே அழைத்து, "ஒத்துக்கிட்ட மாதிரி பாடுங்க. மாத்தினா பணம் கிடையாது. சாவு வீட்டுப் பாட்டைக் கேட்க யாரும் இங்க வரல தம்பி" என்றார்.

சாவு வீட்டுப் பாட்டு. அந்த மூன்று வார்த்தையில் எனக்கு எல்லாம் தெளிந்துவிட்டது. அவர் துடைக்கச் சொன்னது ஒரு பெயரை மட்டுமல்ல, எங்கள் பக்கத்தையே. நானே ஏற்கெனவே பாதி துடைத்துக் கொடுத்திருந்தேன்.

"என்னடா பண்ணப்போறே? எங்காத்துல எல்லாரும் கேக்க வந்துண்டிருக்கா" என்றான் கித்தார் நண்பன்.

"பேரோட பாடப்போறேன்."

அவன் கித்தாரின் முறுக்காணியைத் திருகினான். "அப்போ சுருதியை அரைக்கட்டை ஏத்திக்கலாம். கடைசி பாய் வரைக்கும் கேக்கணும்."

"மச்சி, மைக்க புடுங்கினாலும் கவலப்படாத. இதுக்கு மைக்கு வேணாம்" என்று தஃப்பைத் தட்டிக் காட்டினான் மற்றவன்.

பாடினேன். முதல் வரியின் முதல் சொல்லாக அவள் பெயர். அதை இங்கே எழுத மாட்டேன். அது பாட்டில்தான் இருக்க வேண்டும். மூடியிருந்த கண்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. இரண்டாவது சரணத்தில் ஆசிரியர் மைக் இணைப்பைப் பிடுங்கினார். தஃப் நிற்கவில்லை. தொண்டை கிழியக் கத்தினேன். பத்துப் பேர் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார்கள். மற்றவர்கள் முடியும்வரை இருந்தார்கள். ஓர் அம்மாள் அத்தை மகளிடம் திரும்பி, "அது யார் பேரு?" என்று கேட்டார்.

"எங்கம்மா. கோட்டூர்புரம் பாலத்தாண்ட இட்லி வித்தவங்க."

அந்தக் கட்டுரைகளை நான் தூக்கிப் போட்டுவிடவில்லை. எல்லோருக்குள்ளும் ஒரே ஆன்மா என்பதை இன்றும் நம்புகிறேன். ஆனால் ஆற்றிலும் மரத்திலும் இருக்க முடிகிற ஆன்மாவால் ஓர் இட்லிக்காரியின் பெயரில் இருக்க முடியாது என்றால், அது எனக்கு வேண்டாம். நடுவில் எவரும் தேவையில்லை என்று எழுதியவர்களை நம்பித்தான், நடுவில் நின்றவரை மீறிப் பாடினேன்.

வராமல் போனது ஒன்பதாயிரம். போக வர ஆட்டோ அறுநூறு. அத்தை மகளுக்குக் கடையில் பிடித்த ஒரு நாள் சம்பளம் நானூற்று ஐம்பது. அத்தையின் பெயரை ஒருமுறை உரக்கச் சொல்ல எங்களுக்கு ஆனது, மொத்தம் பத்தாயிரத்து ஐம்பது ரூபாய்.