மொட்டைமாடி அவரையும் பொறிவண்டும்

ஹெப்பகோடியில் எங்கள் வீட்டு ஓனர் அம்மா, மொட்டைமாடியில் செடி வைக்க ஒரே ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். "பூச்சி கீச்சி வந்துச்சுன்னா எல்லாத்தையும் எடுத்துடணும், ஆய்தா?" தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிப்பது அவர் வழக்கம். நானும் என் கணவரும் பலமாகத் தலையாட்டினோம். பூச்சி வராத அவரைக்கொடி உலகத்தில் எங்கே இருக்கிறது?

இரண்டு தொட்டியிலும் கொடி பந்தலேறிப் பூத்ததும் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி வந்து அப்பிக்கொண்டது. இளந்தண்டே தெரியாத அளவுக்குக் கறுப்பு. கூடவே முள்ளும் ஆரஞ்சுப் புள்ளியுமாகச் சில கறுத்த புழுக்கள். என் கணவருக்கு ஃபேக்டரியில் குவாலிட்டி செக்கிங் வேலை. பார்வைக்குச் சரியில்லை என்றால் உடனே ரிஜெக்ட். "மூஞ்சியப் பாரு. இதுதான் எல்லாத்துக்கும் தலைவன்" என்று பூச்சிமருந்தோடு வந்துவிட்டார்.

எனக்கு அவசரத் தீர்ப்பு என்றாலே ஆகாது. குனிந்து பார்த்தேன். அந்தப் புழு ஓர் அசுவினியைப் பிடித்துச் சாவகாசமாகத் தின்றுகொண்டிருந்தது. பக்கத்து இலையில் சிவப்புப் பொறிவண்டு ஒன்றும் அதே விருந்தில். செல்போனில் தேடினால், இந்த அவலட்சணம்தான் வளர்ந்து அந்த அழகாகிறதாம்! "நிறுத்துங்க!" என்று கத்துவதற்குள் ஒரு தொட்டிக்கு அடித்து முடித்திருந்தார். இன்னொன்றைக் கட்டிப்பிடிக்காத குறையாகக் காப்பாற்றினேன்.

மறுநாள் மருந்தடித்த கொடிக்குக் கீழே பொறிவண்டுகளும் மல்லாந்து கிடந்தன. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவருக்கோ கொடி சுத்தமானதில் பெருமை. அதுவும் சில நாள்தான். அசுவினி திரும்பி வந்தது. தின்ன ஆளில்லாததால் முன்னைவிடச் செழிப்பாக. என் கொடியில் வண்டும் புழுவும் தின்று தீர்த்துவிட, காய் கொத்துக் கொத்தாய்த் தொங்கியது.

அதன்பிறகு மனிதர் அடியோடு மாறிவிட்டார். தன் கொடியைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினார். சில நாள் கழித்து, பெயின்ட் பிரஷ்ஷால் என் கொடியிலிருந்து புழுக்களை டீ கிளாஸில் தட்டிக் கொண்டுபோய்த் தன் கொடியில் விட்டார். தினமும் வேலைக்குக் கிளம்பும்முன் அவற்றிடம் சொல்லிக்கொண்டு போகாததுதான் பாக்கி. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

சங்கராந்திக்கு முன்னால் ஓனர் அம்மா காய் பறிக்க மேலே வந்தார். மடி நிறையப் பறித்த நேரம், ஒரு பொறிவண்டு பறந்து வந்து அவர் தோளில் உட்கார்ந்தது. அவர் கையை ஓங்கினார்.

"ஆன்ட்டி, அடிக்காதீங்க!" என் கணவர் போட்ட கூச்சலில் பக்கத்து மாடிக்காரர்களே எட்டிப் பார்த்தார்கள். செடியெல்லாம் போச்சு என்றே நினைத்தேன்.

"இதுவும் பூச்சிதானே?" என்றார் அவர்.

"பூச்சிதான் ஆன்ட்டி. ஆனா இது இல்லன்னா உங்க மடியில அந்தக் காய் இல்ல" என்றார் என் கணவர்.

ஓனர் அம்மா காயைப் பார்த்தார், வண்டைப் பார்த்தார். விரலை நீட்டி அதை ஏற்றிக்கொண்டு, அது பறக்கும்வரை காத்திருந்தார்.

"அந்த மூலையில நல்லா வெயில் வருது" என்றார். "அங்கயும் ரெண்டு தொட்டி வைங்க."