பிலோமினா அக்கா கூவாத வாசல்

நான் இப்போது வசிக்கும் நார்வே நகரத்துக் குடியிருப்பில் ஒரு வழக்கம் உண்டு. பொது நடைவழியில் யாராவது போனால், வெளியே புறப்பட்டவர்கள் கதவுக்குப் பின்னாலேயே காத்து நிற்பார்கள். காலடிச் சத்தம் ஓய்ந்த பிறகுதான் தாழ் திறக்கும். எதிர்வீட்டு இங்கிரிட் நல்லவள்தான். மாடிப்படியில் மாட்டிக்கொண்டால் "ஹை" என்று சிரிப்பாள். ஆனாலும் என் காலடி கேட்டால் அவள் கதவும் மூச்சடக்கிக்கொள்ளும்.

என் ஊர் தமிழ்-மலையாள எல்லையில், பாறசாலைக்குப் பக்கம். தெருவில் எங்களைப் போலச் சைவ வீடுகள் சில. தாத்தா காலத்தில் அரசாங்கக் குமாஸ்தாக்கள், இப்போது கடையும் வக்கீல் தொழிலுமாக இருப்பவர்கள். சுற்றிலும் மரச்சீனிக் கிழங்கு நடுகிறவர்கள், ரப்பர் வெட்டுகிறவர்கள், கொத்தனார்கள். கோயிலுக்குப் போகிற வீடும் கிறிஸ்தவ சபைக்குப் போகிற வீடும் ஒரே மதிலைப் பங்கிட்டுக்கொள்ளும். பேச்சைத் தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடித்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பொழியூர்க் கடற்கரையிலிருந்து மீன் கொண்டுவரும் பிலோமினா அக்கா தெரு முழுக்க "மீனேய்" என்று கூவிக்கொண்டு வருவார். எங்கள் வாசல் வந்ததும் குரல் நின்றுவிடும். அடுத்த மதிலில் மறுபடி கிளம்பும். சைவ வீடாயிற்றே என்று அவராக வைத்துக்கொண்ட மரியாதை அது. நாங்கள் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

போன மழைக்காலத்தில் அப்பா காணாமல் போனார். சில வருடங்களாகவே அவருக்கு நினைவு கரைந்துகொண்டிருந்தது. என்னைத் தன் தங்கை என்று எண்ணிப் பேசுவார். ஊரில் அவருடன் இருக்கும் அண்ணன் போனில் அழுதான். இங்கே அடுப்படியில் நின்று கேட்கத்தான் என்னால் முடிந்தது. கொத்தனார் ஏசுதாஸ் பைக்கில் காட்டாக்கடை வரை போனாராம். கோயில் மைக்கில் தமிழிலும் சபை மைக்கில் மலையாளத்திலும் அப்பாவின் சட்டை நிறத்தைச் சொன்னார்களாம். தனுவச்சபுரம் கல்லூரிப் பிள்ளைகள் பஸ் பஸ்ஸாக ஏறிப் பார்த்தார்களாம். ஒரு மனிதருக்காக இத்தனை பேரா!

ஊரில் பொழுது சாயும் வேளை, அண்ணனின் போனிலிருந்து வேறொரு குரல். "கரையாண்டாம், அழாத மக்கா. அப்பா இஞ்ச எங்க வீட்டுல உண்டு." பிலோமினா அக்கா! தகவல் கிடைத்து அண்ணன் அதற்குள் பொழியூர் போய்ச் சேர்ந்திருந்தான்.

"நான் இஞ்ச ரோட்டுல கூவிட்டு வாறேன், எதுக்க அப்பா. கண்டதும் வாய் தானா அடைஞ்சு போச்சு, பழக்கமாக்கும். அவரு அப்படியே நின்னாரு. நாலுபுறமும் பாத்துட்டு, 'வீடு வந்தாச்சா?'ன்னு கேட்டாரு மக்கா."

"ஏதாவது சாப்பிட்டாரா அக்கா?" என்றேன்.

"எங்க சட்டியெல்லாம் மீன் மணமாக்கும். கடையில இருந்து பழமும் பால் விடாத கட்டஞ்சாயாவும் வாங்கிக் கொடுத்தேன். உங்க அப்பா என்னண்ணா, எங்க சட்டியத்தான் பாத்துட்டு இருக்காரு!"

பின்னால் அப்பாவின் அதட்டல் கேட்டது. "எலே, அதத் திறந்து காட்டச் சொல்லு!" அண்ணன் அழுகையும் சிரிப்புமாக ஏதோ சொன்னான்.

பெற்ற மகளை மறந்தவர், தன் வாசலில் ஒரு குரல் அடங்குவதை மறக்கவில்லை. அத்தனை வருடமும் உள்ளே இருந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

மறுநாள் மாடிப்படியில் இங்கிரிட்டிடம் நடந்ததைச் சொன்னேன். "அவரிடம்தான் மீன் வாங்குவீர்களா?" என்றாள்.

"ஒருநாளும் வாங்கியதில்லை."

"பிறகு அவருக்கு உங்கள் அப்பாவை எப்படித் தெரியும்?"

"வாங்காததால்தான்" என்றேன். என் நார்வீஜிய மொழி பிசகிவிட்டது என்று நினைத்து, "வாங்குவதால்தான்" என்று அன்போடு திருத்திச் சொல்லிக்கொடுத்தாள்.

இப்போதும் காலையில் நான் நடைவழிக்கு வந்ததும் எதிர்க்கதவு அடங்கிப்போகிறது. சாவியும் கையுமாக ஒரு கணம் நிற்கிறேன். அப்பாவைப் போல "வீடு வந்தாச்சா?" என்று கேட்க நாக்கு எழுகிறது. பிறகு, பாவம், அவளும் வேலைக்குப் போக வேண்டுமே என்று விறுவிறுவெனப் படியிறங்கிவிடுகிறேன்.